மகியங்கனை வழியாகப் பசுபிக் போன கப்பல் தலைவனும் நம் ஊர்த் தேசப்படமும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் உள்ளவர்கள் முழுசாக வாசியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு ஒரு தடவை நம் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பழைய தேசப்படம் வந்து விழும். மஞ்சளேறிய காகிதம், மூலையில் திசைகாட்டிப் பூ, கடலில் பாய்மரக் கப்பல், நடுவில் மாம்பழம் மாதிரி இலங்கை. கீழே யாரோ எழுதியிருப்பார்கள்: "நல்லாப் பாருங்கள், எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. அவர்களுடையது எங்கே?" அந்த "அவர்கள்" யார் என்பது குழுவுக்குக் குழு மாறும். ஒரு குழுவில் முஸ்லிம்கள், இன்னொன்றில் தோட்டத்து மக்கள், வேறொன்றில் சிங்களக் கிராமம். ஒரே படத்தை மூன்று பக்கமும் இழுப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். நம் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

ஆசிரியர் கலாசாலையில் வரலாறு படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு பழக்கம் உண்டு. பழைய ஆவணம் ஒன்று கைக்கு வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், யார் செய்தது, யார் காசு கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேள். அந்தக் கேள்வியை இந்தத் தேசப்படங்களிடம் கேட்டுப் பார்ப்போம். அதற்கு நம் பதுளை மாவட்டத்துக்குள்ளேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது.

கண்டி மன்னன் விமலதர்மசூரியனும் ஓர் ஒல்லாந்தரும் எதிரெதிரே நிற்கும் பழைய சித்திரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஒல்லாந்தர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். 1601 மே மாதம் சீலாந்திலிருந்து மூன்று கப்பல்களோடு புறப்பட்டார். கப்பல்களின் பெயர்கள் கடா, ஆடு, குட்டி. (உண்மையாகவே அப்படித்தான். பிள்ளைகளுக்குச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.) 1602 மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையில் நங்கூரம் போட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், மார்ச் 20ஆம் திகதி, ஒல்லாந்தில் கிழக்கிந்தியக் கம்பனி உருவாகியிருந்தது. கடலில் இருந்த மனிதருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவரை அனுப்பியது வேறொரு வணிகர்.

மட்டக்களப்பில் முதலில் அவரை யாரும் நம்பவில்லை. வெள்ளைத் தோல், பெரிய கப்பல், பீரங்கி: போர்த்துக்கேயர்தான் வேடம் மாறி வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். அவர் தேடி வந்த மிளகும் கறுவாவும் அங்கே நினைத்த அளவுக்குக் கிடைக்கவும் இல்லை. "மன்னரைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டு, ஜூலை மாதம் கண்டிக்குப் புறப்பட்டார்.

எந்த வழியாக? விந்தன்னை வழியாக. அதாவது இன்றைய மகியங்கனை. மகாவலிக் கரையில் மன்னருக்குப் படகுகள் கட்டும் ஊர் என்றும், உயர்ந்த வெள்ளைத் தாதுகோபம் உள்ள இடம் என்றும் அவருடைய பயணக் குறிப்பில் விவரம் இருக்கிறது. இன்று மட்டக்களப்பிலிருந்து மகாஓயா, பதியதலாவை, மகியங்கனை என்று பஸ்ஸில் வந்து, பதினெட்டு வளைவில் தலை சுற்றிக் கண்டிக்கு ஏறுகிறோமே, ஏறத்தாழ அதே திசைதான்.

கண்டியில் நல்ல வரவேற்பு. போர்த்துக்கேயரை விரட்ட யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்த மன்னர், ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டுவதென்றால் தானும் தன் குடும்பமும் கல் சுமக்கத் தயார் என்ற அளவுக்குப் பேசியதாகக் குறிப்பு சொல்கிறது. பிறகு அந்த ஒல்லாந்தரோடு இந்த நாடு என்ன பாடுபட்டது என்பது தரம் 8 பிள்ளைக்கும் தெரியும்.

இதுவரை பாடப்புத்தகத்திலும் வரும். இதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

12 வருடம் கழித்து, 1614 ஆகஸ்ட்டில், அதே ஸ்பில்பேர்கன் கம்பனிக்காக ஆறு கப்பல்களோடு இன்னொரு பக்கமாகப் புறப்பட்டார். பெரிய சூரியன், பெரிய சந்திரன் என்று இந்த முறை பெயர்களும் பெரிதாகிவிட்டன. தென்னமெரிக்காவின் அடிமுனையில் மகலன் நீரிணையைத் தாண்டிப் பசுபிக்குக்குள் நுழைந்தார். 1615 ஜூலையில் பெரு நாட்டுக் கரைக்கு அருகே ஸ்பானியக் கப்பற்படையைத் தோற்கடித்தார். மெக்சிக்கோவின் அக்காபுல்கோவில் கைதிகளைக் கொடுத்து உணவுப் பொருள் வாங்கினார். பிறகு முழுப் பசுபிக்கையும் குறுக்கே கடந்து, 1616இல் கிராம்புத் தீவான தெர்னாத்தேக்கு வந்து சேர்ந்தார். 1617இல் ஊர் திரும்பியபோது உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். மகியங்கனைத் தாதுகோபத்தைப் பார்த்த அதே கண்கள்!

அவருக்கு அடுத்தபடியாக மட்டக்களப்புக்கு வந்த ஒல்லாந்தத் தலைவர் செபால்ட் டி வேர்ட். அவர் கதை தலைகீழ். முதலில் பசுபிக், பிறகு மட்டக்களப்பு. 1598இல் ஐந்து கப்பல்கள் கொண்ட அணியில் பசுபிக் நோக்கிப் போனவர், மகலன் நீரிணையில் மாதக்கணக்கில் குளிரிலும் பசியிலும் சிக்கி, கடக்க முடியாமல் திரும்பினார். அந்த ஐந்தில் ஒல்லாந்துக்குத் திரும்பி வந்தது அவருடைய கப்பல் மட்டும்தான். ஏறியவர்கள் நூற்றுக்கு மேல், இறங்கியவர்கள் 36. திரும்பும் வழியில், 1600இல், போக்லாந்துப் பக்கம் மூன்று சிறு தீவுகளைக் கண்டார். அவை நெடுங்காலம் கடல் வரைபடங்களில் அவர் பெயரால் "செபால்ட் தீவுகள்" என்றே இருந்தன. தப்பிவந்த மனிதர் 1602 இறுதியில் மட்டக்களப்புக்கு வந்து, 1603இல் மன்னரோடு ஏற்பட்ட பிணக்கில், தன் ஆட்கள் ஐம்பது பேரளவினரோடு நம் கிழக்குக் கரையிலேயே கொல்லப்பட்டார். பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்த ஆட்களை அவர் விட்டுவிட்டது மன்னருக்குக் கோபம். சாப்பாட்டுக்காக அவருடைய மாலுமிகள் மாடு அறுத்தது ஊராருக்குக் கோபம். விருந்தில் விழுந்த ஒரு தடித்த வார்த்தை மிச்சத்தைச் செய்தது.

அவர் மூன்று தீவைத் தூரத்தில் கண்டார், தீவுக்குப் பெயர் வந்தது. நம் நாட்டில் அவருக்குச் சோறு போட்டவர், வழி சொன்னவர், மொழிபெயர்த்தவர் ஒருவர் பெயரும் எந்தப் படத்திலும் இல்லை. கடல் வரைபடத்தில் பெயர் ஏறுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி அந்த வரைபடங்களைப் பற்றிக் கொஞ்சம். அவை சுவரில் மாட்டி அழகு பார்க்கச் செய்தவை அல்ல, தொழிற்கருவிகள். பெரும்பாலும் தோலில் கையால் வரைந்தவை. ஒல்லாந்தக் கம்பனி அம்ஸ்டர்டாமில் வரைபடத்துக்கென்றே ஆள் வைத்திருந்தது. ஹெசல் கெரிட்ஸ், பின்னர் பிளாவ் குடும்பத்தார். கப்பல் புறப்படும்போது வரைபடத்தை எண்ணிக் கொடுப்பார்கள், திரும்பியதும் எண்ணி வாங்குவார்கள். நம் பாடசாலை ஆய்வுகூடத்துச் சாமான் மாதிரி. வெளியே விடுவது குற்றம். போர்த்துக்கல்லிலும் இதே இரகசியம்தான். 1502இல் லிஸ்பனிலிருந்து உலகப்படம் ஒன்றின் பிரதியைக் கந்தினோ என்பவர் இத்தாலியப் பிரபு ஒருவருக்காகக் களவாகக் கொண்டுபோனார். கொடுத்த விலை 12 பொற்காசு. அந்தப் படம் இன்றும் இத்தாலியின் மோதெனா நகர நூலகத்தில் இருக்கிறது.

ஆக, இவை வியாபார இரகசியம். அதில் இருப்பது கப்பலுக்கு வேண்டியவை: எந்த முனைக்குப் பக்கத்தில் பாறை, எங்கே ஆழம் எத்தனை பாகம், எங்கே நல்ல தண்ணீர், எந்தத் துறையில் கறுவா. கரையோரம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பெயர்கள். உள்ளே போகப் போகப் பெயர் குறையும், மலை இடம் மாறும், ஆறு தப்பான கடலில் போய் விழும், வெற்றிடத்தில் ஒரு யானை நிற்கும். ஊவா அந்த யானை நிற்கும் பக்கம்தான். இங்கே மனிதர் இல்லாததால் அல்ல, கப்பல் ஏற முடியாத இடம் என்பதால்.

கடலிலும் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கவில்லை. வடக்குத் தெற்குத் தூரத்தை நட்சத்திரத்தையும் சூரியனையும் வைத்து அளந்துவிடலாம். கிழக்கு மேற்குத் தூரத்தை, அதாவது நெட்டாங்கை, நம்பகமான கடற்கடிகாரம் வரும் 18ஆம் நூற்றாண்டு வரை குத்துமதிப்பாகத்தான் போட்டார்கள். அதனால் பசுபிக் வரைபடங்களில் தீவுகள் நடந்து திரியும். 1568இல் மெந்தாஞா என்ற ஸ்பானியர் சொலமன் தீவுகளைக் கண்டார். நம் சுலைமான் நபியின் செல்வம் அங்கே இருக்கும் என்ற ஆசையில் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1595இல் அவரே திரும்பத் தேடிப் போனார், கிடைக்கவில்லை. அடுத்து ஏறத்தாழ 200 வருடம் ஐரோப்பியர் யாருக்கும் அவை அகப்படவில்லை. தீவுகள் எங்கும் போகவில்லை. அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தாங்கள் காணாமல் போனதே தெரியாது.

அப்படியென்றால் இந்தக் கப்பல்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? பெரும்பாலும் உள்ளூர் ஆளைக் கேட்டுத்தான்.

மாலுமி என்ற நம் தமிழ்ச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அரபியின் முஅல்லிம். கற்பிப்பவர். இந்து சமுத்திரத்தில் கப்பலுக்கு வழி சொல்பவரை முஅல்லிம் என்றே அழைத்தார்கள். கிதாபு ஓதித் தருபவரும் முஅல்லிம், கப்பலைக் கரைசேர்ப்பவரும் முஅல்லிம். (எங்கள் தொழிலுக்கு இது கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.) இன்றைய ராஸ் அல் கைமா பகுதியில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டில் கடல்வழிக் கலை பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஒரு சிறு பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையின் கீழ் விளிம்பைக் கடலோடும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்தோடும் பொருத்தினால், எத்தனை முடிச்சு என்பது எந்தத் துறைக்கு நேரே நிற்கிறோம் என்று சொல்லிவிடும். அரபியில் கமால். சோழமண்டலக் கரைத் தமிழ் மாலுமிகள் கையில் அதுவே ராப்பலகை. பதுளையில் நின்று துருவ நட்சத்திரம் தேடாதீர்கள். நம் அகலாங்குக்கு அது அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும், மலை மறைத்துவிடும்.

வாஸ்கோ ட காமாவுக்கு 1498இல் வழிகாட்டியது இந்த இப்னு மாஜித்தான் என்று நம் மேடைகளில் முழங்குவது வழக்கம். ஆய்வாளர்கள் இப்போது அதை ஏற்பதில்லை. மாலிந்தியில் ஏறியவர் ஒரு குஜராத்தி மாலுமி என்பதே பலமான கருத்து. தேசப்படத்தை வைத்து மற்றவர்கள் பெரிதுபடுத்துவதைக் குறை சொல்லும் நாம், நம் பக்கத்துக் கதையையும் சரிபார்த்துத்தான் பேச வேண்டும்.

1511இல் மலாக்காவைப் பிடித்த அல்புகர்க், ஜாவாவைச் சேர்ந்த மாலுமி ஒருவரின் பெரிய வரைபடத்தைக் கண்டு அசந்துபோனார். நன்னம்பிக்கை முனை, போர்த்துக்கல், பிரேசில், செங்கடல், கிராம்புத் தீவுகள் எல்லாம் ஜாவா எழுத்தில் அதில் இருந்ததாகத் தன் மன்னருக்கு 1512 ஏப்ரலில் எழுதினார். மூலப்படம் அவருடைய கப்பலோடு சுமாத்ராக் கரைக்கு அருகே மூழ்கிவிட்டது. பிரான்சிஸ்கோ ரொட்ரிகஸ் என்ற போர்த்துக்கேய மாலுமி பார்த்து வரைந்த ஒரு பகுதியைத்தான் லிஸ்பனுக்கு அனுப்ப முடிந்தது. ரொட்ரிகஸின் பெயர் நிலைத்தது. ஜாவா மாலுமியின் பெயர் இல்லை.

பசுபிக்கில் பெயர் தப்பிய ஒருவர் உண்டு, துபாயா. ரையாத்தேயா தீவைச் சேர்ந்தவர். 1769இல் தாஹித்தியில் கப்டன் குக்கின் கப்பலில் ஏறினார். காகிதத்தில் வரைபடமே வரையாத மரபில் வளர்ந்தவர், நட்சத்திரம், அலை, பறவை, காற்று இவற்றை மனதில் வைத்து, 70க்கும் மேற்பட்ட தீவுகளைப் படத்தில் காட்டினார். வெள்ளையருக்கு அந்தப் படம் சரியாக விளங்கவில்லை. அவருடைய திசைக்கணக்கு வேறு. இன்றும் அறிஞர்கள் அதை வைத்து வாதம் செய்கிறார்கள். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு பேசவும் குக்குக்கு இவர்தான் வாய். 1770 இறுதியில் பத்தாவியாவில் நோயில் இறந்தார். அவர் படத்தின் பிரதி ஒன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

சரி, நம் மலைக்கு வருவோம். கடலுக்கு மாலுமி என்றால் ஊவாவுக்கு யார்?

தவளக்காரர்கள். பொதிமாட்டில் கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கும் மற்ற விளைபொருளும் கீழே இறக்கியவர்கள். இதில் நம் முன்னோர் பெரும்பங்கு. கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே மடிகே என்ற பிரிவு இருந்தது, அதில் முஸ்லிம்கள் இருந்தார்கள். போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து துரத்திய முஸ்லிம்களில் 4000 பேரளவில் 1626இல் செனரத் மன்னர் மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினார் என்பதும் போர்த்துக்கேயரே எழுதி வைத்த சங்கதி. எந்தக் கணவாயில் மழைக்காலத்தில் மாடு ஏறும், எந்த ஆற்றை எந்த மாதம் கடக்கலாம், எங்கே இராத்தங்கலாம் என்ற அறிவு இந்த மனிதர்களின் தலைக்குள் இருந்தது. யாரும் அதைத் தோலில் வரையவில்லை.

வழி அறியாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி நம் ஊவாதான். 1630 ஆகஸ்ட்டில் கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையோடு ஏறி வந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில், தன் படையிலிருந்த உள்ளூர்த் தலைவர்களே மறுபக்கம் மாறிவிட, படையோடு அழிந்தார்.

வழி அறிந்தவர்களுக்கும் அது எப்போதும் நல்லதாக முடியவில்லை. 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் ஹாஜி என்று அழைக்கப்பட்ட முஸ்லிம் ஒருவரை முகாந்திரம் ஆக்கி, அங்கிருந்த முஸ்லிம்களைச் சிங்களத் தலைவரின் அதிகாரத்திலிருந்து பிரித்தார்கள். மூட்டம் போட்டிருந்த ஊவாக் கலகத்துக்கு இதுவும் ஒரு பொறி. கலகக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் போன பதுளை உதவி அதிகாரி வில்சனும் அந்த அக்டோபரில் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஆங்கிலேயர் ஊவாவை எரித்த விதம் எல்லோருக்கும் தெரியும். இதை நம் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. ஆனால் பங்கரகம்மனவில் மன்னரை மரப்பொந்தில் ஒளித்து வைத்து, போர்த்துக்கேயரிடம் காட்டிக் கொடுக்காமல் உயிர்விட்ட முஸ்லிம் பெண்ணின் செவிவழிக் கதையை மட்டும் எல்லா மேடையிலும் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

தோட்டத்து உறவுகளின் கதை இன்னும் ஒரு படி மேலே. கோப்பிக்கும் தேயிலைக்கும் பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்தவர்களுக்குக் கடல் வரைபடம் எதுவும் கையில் இல்லை. வழியில் விழுந்தவர்களைப் புதைத்த இடம் எந்தப் படத்திலும் இல்லை. பிறகு 1948இல் அரசு கேட்டது: காகிதம் எங்கே? உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தின் பிறகு பதுளை, பசறை, ஹாலிஎலப் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனை பிரிந்து தலைமன்னாரில் கப்பல் ஏறின என்று நம் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமாரைக் கேளுங்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. "தேசப்படத்தில் உன் பெயர் எங்கே" என்று ஒருவர் குழுவில் சிரித்துக்கொண்டு கேட்கும்போது, இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது எங்களுக்கு நினைவுக்கு வருகிறது. அதனால்தான் அந்தப் படத்தை நாங்கள் யாருக்கும் பகிர்வதில்லை.

பழைய படங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். ஹேக் நகரிலுள்ள ஒல்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் கம்பனிக் கால வரைபடங்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. குழுவில் வரும் மங்கல் படத்தை விட்டுவிட்டு அதில் பெரிதாக்கிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பில் எத்தனை பெயர், மலையில் எத்தனை பெயர் என்று எண்ணச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஓர் உதவியும் வேண்டும். மகியங்கனை, பிபிலை, லுணுகலை, பசறைப் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது தவளம் போன பாதை, மாடு கட்டிய இடம், தண்ணீர் எடுத்த ஓடை இவற்றின் பெயரைச் சொன்னால் சொன்னபடியே எழுதியோ குரல்பதிவாகவோ அனுப்புங்கள். தோட்டங்களில் உள்ளவர்கள், உங்கள் ஆட்கள் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தார்கள் என்று பாட்டி சொன்னதை அனுப்புங்கள். சிங்கள அயலவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதுங்கள். பெரிய தாளில் மாவட்டத்தை வரைந்து வைத்திருக்கிறோம். கரையோரம் வெறுமையாக இருக்கிறது, மலைப்பக்கத்தில் இதுவரை 11 பெயர் ஏறியிருக்கிறது.